டாலி திரையைப் போலவே என் சொந்த வலைத்தளம்: பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

#1 மண்டிக்கணக்கு

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவள் நான். சீசன் இல்லாத மாதங்களில் வலைத்தள வேலை கற்றுக்கொண்டேன். இப்போது ஓசூரிலோ பெங்களூரிலோ ஃபிரண்ட்எண்ட் வேலைக்கு முயற்சி செய்கிறேன். அதற்காக ஒரு சொந்தத் தளம் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

தளத்தைத் திறந்தால், மண்டியில் கணக்கு எழுதும் மென்பொருளான பழைய டாலி இஆர்பி 9இன் திரை மாதிரியே இருக்க வேண்டும் என்பது ஆசை. நடுவில் 'கேட்வே ஆஃப் டாலி' மெனுப் பெட்டி. இடப்பக்கம் நடப்புக் காலம், கம்பெனி பெயர் வரும் இடத்தில் என் பெயர். வலப்பக்கம் எஃப் பட்டன்கள். மெனுவின் ஒவ்வொரு வரியிலும் ஒரு எழுத்து மட்டும் சிவப்பாக இருக்கும், அதைத் தட்டினால் உள்ளே போகலாம். எஃப்5 தட்டினால் படிப்புக்கு நான் செலவழித்தது, எஃப்6 தட்டினால் முடித்துக் கொடுத்த வேலைகள், டே புக்கில் என் குறிப்புகள். எஸ்கேப் தட்டினால் 'வெளியேறவா?' என்று கேட்கும். கணக்கு எழுதுகிற யார் பார்த்தாலும் சிரித்துவிட வேண்டும்.

மாதிரியைத் தம்பியிடம் காட்டினேன். "அக்கா, இது காப்பிரைட் கேஸ் ஆகிவிடும். கம்பெனி பெங்களூரில்தான் இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் காலையில் போட்டால் சாயங்காலம் வந்துவிடும்" என்கிறான்.

நிரலில் அவர்களுடைய வரி ஒன்றுகூட இல்லை. திரையைப் பார்த்து முழுவதும் நானே எழுதினேன். லோகோவையும் சில ஐகான்களையும் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்து வெட்டி ஒட்டியிருக்கிறேன். சொந்தத் தளம்தான், யாரிடமும் காசு வாங்கப் போவதில்லை. இது தப்பா?

#2 தொப்பூர் கணவாய்

ஒன்றும் ஆகாது அக்கா. விண்டோஸ் எக்ஸ்பி மாதிரியே ஸ்டார்ட் மெனு, ரீசைக்கிள் பின் எல்லாம் வைத்த போர்ட்ஃபோலியோக்கள் எத்தனையோ இருக்கின்றன. 98.சிஎஸ்எஸ் என்று விண்டோஸ் 98 தோற்றத்தையே சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் நிரல்) எழுதி கிட்ஹப்பில் இலவசமாகத் தருகிறார்கள். எம்ஐடி லைசன்ஸ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட்டே சும்மா இருக்கும்போது உங்களை யார் தேடி வரப்போகிறார்கள்? தைரியமாகப் போடுங்கள்.

#3 மத்தூர் மாமா

யாரும் பிடிக்கவில்லை என்பதும் தப்பு இல்லை என்பதும் ஒன்றா தம்பி?

அம்மா, உனக்குத் திறமை இருக்கிறது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்தவன் போட்ட திரையை எதற்கு எடுக்கிறாய்? சொந்தமாக ஒன்று யோசி.

அப்புறம் இன்னொன்று. ஸ்கிரீன்ஷாட் என்றாயே, அது எந்தக் கம்பெனியின் கணக்கு? மண்டியின் உண்மையான லெட்ஜரா? எந்த விவசாயிக்கு எவ்வளவு அட்வான்ஸ், எந்தக் கூழ் ஃபேக்டரி எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் தெரிந்தால் பெங்களூரில் இருந்து ஆள் வர வேண்டியதில்லை. உன் முதலாளியே வருவார்.

#4 ராயக்கோட்டை ரோடு

கிருஷ்ணகிரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன். பெரும்பாலும் நில வழக்குதான், இது மாதிரி எப்போதாவது வரும். பொதுவாகச் சொல்கிறேன், தனிப்பட்ட சட்ட ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி பயமுறுத்தியதும் சரியில்லை, கணவாய் தைரியம் சொன்னதும் சரியில்லை. உங்கள் தளத்தில் இரண்டு விதமான பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் வரும்.

ஒன்று, திரையின் ஏற்பாடு: மெனு நடுவில், பட்டன்கள் வலப்பக்கம், எழுத்தைத் தட்டினால் உள்ளே போவது, எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது. இது ஒரு மென்பொருளை இயக்கும் முறை. 1990களில் அமெரிக்காவில் இதே சண்டை நடந்தது. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளின் மெனு அமைப்பை, 469 கட்டளைகளையும் அதே பெயர், அதே வரிசையில், போர்லாண்ட் தன் குவாட்ரோ புரோவில் வைத்தது. நிரலைத் தொடவில்லை. லோட்டஸுக்குப் பழகியவர்கள் சிரமப்படாமல் மாற வேண்டும் என்பதுதான் நோக்கம். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மெனு அமைப்பு என்பது இயக்கும் முறை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. 1996இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றது. அப்படி நின்றதால் அங்கேயே கூட நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் முன்மாதிரியாக அது ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 'இயக்கும் முறைக்கு உரிமை இல்லை' என்று நேரடியாக ஒரு பிரிவு இல்லை. ஆனால் இந்தியா கையெழுத்திட்ட டிரிப்ஸ் என்ற உலக அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் 9(2) அதையே சொல்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில், கருத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உரிமை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டு, வெட்டி ஒட்டிய லோகோ, ஐகான்கள். இவை கதையே வேறு. ஐகான் என்பது சட்டத்தின் பார்வையில் வரைபடம், ஓவியப் படைப்பு. கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்பதுகூடக் கேள்வி இல்லை. 16 பிக்சல் படமாக இருந்தாலும் படம் படம்தான். லோகோ கூடுதலாக வணிகச் சின்னம். இவற்றை எடுத்துவிடுங்கள், பேச்சே இல்லை.

'சொந்தத் தளம்தானே' என்ற கேள்விக்கு: 52ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கிறது, உண்மை. அது உங்கள் கணினியில் வைத்துப் படிப்பதற்கு. இணையத்தில் ஏற்றி ஊரே பார்க்கத் திறந்துவிட்ட பிறகு அது தனிப்பட்ட பயன்பாடு ஆகாது. தளம் உங்களுடையது என்பதும் பயன்பாடு தனிப்பட்டது என்பதும் வேறு வேறு.

மத்தூர் மாமா கேட்டது முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

#5 மண்டிக்கணக்கு

நன்றி சார். மாமா, கணக்கு உண்மையானது இல்லை. மண்டியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் போட்டு வைத்த பொய்க் கம்பெனி. அதில் பெங்களூரா ஒரு டன், மல்கோவா பத்துப் பெட்டி என்று எல்லாம் கற்பனைச் சரக்குதான். இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட்டை நீக்கிவிட்டேன்.

சார், ஒரு சந்தேகம். டாலியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தக் கீ என்ன செய்கிறது, எங்கே எந்தப் பெட்டி வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து எழுதினேன். அப்படிப் பார்த்து எழுதுவதே தப்பாகுமா? லைசன்ஸ் மண்டி பெயரில் இருக்கிறது.

#6 ராயக்கோட்டை ரோடு

ஆகாது. 52(1)(ac) இதற்கென்றே இருக்கிறது. ஒரு மென்பொருளை அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, அது எப்படி இயங்குகிறது என்று கவனிப்பதும் படிப்பதும் சோதிப்பதும் மீறல் இல்லை. நீங்கள் வவுச்சர் போட்டுக்கொண்டே பார்த்தீர்கள், அவ்வளவுதான். லைசன்ஸ் ஒப்பந்தத்தில் வேறு நிபந்தனை இருந்தால் அது ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வரும் தனி விஷயம். அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

#7 நல்லம்பள்ளி நிலா

நான் வேறு பக்கத்தில் இருந்து பேசுகிறேன். தருமபுரியில் இருந்தே வெளியூர் கம்பெனிகளுக்குத் திரை வடிவமைப்பு செய்துகொடுக்கிறேன். போன வருடம் நான் செய்த ஒரு டாஷ்போர்டை இன்னொரு நிறுவனம் அப்படியே எடுத்துத் தன் பொருளில் வைத்துவிட்டது. கார்டுகளின் அளவு, இடைவெளி, நிறங்களின் வரிசை, காலியாக இருக்கும்போது வரும் படம், எல்லாம். நான் அந்த இடைவெளிகளை முடிவு செய்யப் பயனர்களை உட்காரவைத்துப் பேசி, மாற்றி, திரும்பப் பேசி, எவ்வளவு உழைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வக்கீல் சார் சொல்வதைக் கேட்டால் திரையின் ஏற்பாட்டுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று ஆகிறது. அப்போது எங்கள் தொழிலுக்கு என்ன மதிப்பு? மண்டிக்கணக்கு அக்கா அன்பினால் செய்கிறார், புரிகிறது. எடுத்தவர்கள் எல்லாரும் அன்பினால் எடுப்பதில்லை.

#8 ராயக்கோட்டை ரோடு

நியாயமான கோபம். ஆனால் உழைப்பு மட்டும் போதாது. 2007 டிசம்பரில் வந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வியர்வை சிந்தியதற்காக மட்டும் பதிப்புரிமை கிடைக்காது, குறைந்தபட்சப் படைப்புத்திறனாவது வேண்டும் என்றது.

அதற்காக உங்களுக்கு எதுவுமே இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலி நிலைப் படம் உங்கள் ஓவியம். உங்கள் சிஎஸ்எஸ் கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தால் அது நிரல், இலக்கியப் படைப்பு வகையில் வரும். வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் உரிமையை அவருக்கு மாற்றிவிட்டீர்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். மாற்றியிருந்தால் வழக்குப் போடும் உரிமையும் அவருடையது.

தோற்றத்துக்கே பாதுகாப்பு வேண்டும் என்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம்தான் வழி. பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. மென்பொருள் திரையைப் பொருளாகக் கருத முடியுமா என்பதில் வடிவமைப்பு அலுவலகமே பல தடவை முடியாது என்றிருக்கிறது. அப்படி மறுத்த ஒரு உத்தரவை 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், யுஎஸ்டி குளோபல் வழக்கில், ரத்து செய்து மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. கதவு பாதி திறந்திருக்கிறது. வெளியிடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பதால் உங்கள் பழைய டாஷ்போர்டுக்கு அது உதவாது.

#9 ஓசூர்க்காரன்

சட்டம் எல்லாம் சரி. வேலை கொடுக்கிற இடத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் தினமும் ரெஸ்யூமே பார்க்கிறவன்.

அக்கா, எஃப்5 தட்டினால் பிரௌசர் பக்கத்தை ரீலோட் செய்யும். எஃப்6 குரோமில் முகவரிப் பட்டைக்குப் போகும். எஃப்7 தட்டினால் கேரட் பிரௌசிங் (பக்கத்துக்குள் கர்சரை வைத்து நகரும் முறை) வேண்டுமா என்று கேட்கும். உங்கள் பேமெண்ட், ரசீது, ஜர்னல் மூன்றும் போச்சு. ஜாவாஸ்கிரிப்டில் தடுத்துவிடலாம்தான், ஆனால் ரீலோட் ஆகாத பக்கத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். கால்குலேட்டருக்கு கண்ட்ரோல் என் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், குரோம் அதைப் பக்கத்துக்குக் கொடுக்கவே கொடுக்காது, புது விண்டோ திறந்துவிடும்.

முக்கியமானது: நான் உங்கள் லிங்க்கை முதலில் பார்ப்பது போனில். அத்திப்பள்ளி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது. போனில் எஃப் கீ எங்கே இருக்கிறது?

சிவப்பு எழுத்து விஷயமும் பாருங்கள். நிறத்தை மட்டும் வைத்து ஒரு தகவலைச் சொல்லக்கூடாது என்பது டபிள்யூசிஏஜி என்ற வலைத்தள அணுகல் நெறிமுறையின் விதி, நிறக்குருடு உள்ளவருக்குத் தெரியாது. அடிக்கோடும் போடுங்கள். ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகளை நிறுத்தி வைக்கவோ மாற்றவோ வழி வேண்டும் என்று அதன் 2.1 பதிப்பில் 2.1.4 விதியே இருக்கிறது. குரலால் கணினி இயக்குகிறவர் ஒரு வாக்கியம் பேசினால் உங்கள் மெனு பத்துத் தடவை திறந்து மூடும்.

இதை எல்லாம் சரிசெய்யும்போதே உங்கள் திரை டாலியில் இருந்து விலகிப் போய்விடும். இண்டர்வியூவில் நான் கேட்கப்போவதும் அந்த விலகலைத்தான். ஏன் எஃப்5ஐ மாற்றினீர்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அடுத்த ரவுண்டு. நகல் எவ்வளவு துல்லியம் என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

#10 தொப்பூர் கணவாய்

வக்கீல் சார், நான் போய் அந்த ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பைப் படித்தேன். நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள்! இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்றினால் மீறல் என்று அதில் இருக்கிறது. அக்காவின் தளத்தைப் பார்த்தால் யாருக்கும் டாலிதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதானே செய்கிறார். அப்போது அக்கா மாட்டிக்கொள்கிறாரே?

(முதலில் தைரியம் சொன்னது நான்தான், தெரியும். படித்த பிறகு எனக்கே பயமாக இருக்கிறது.)

#11 ராயக்கோட்டை ரோடு

படித்ததற்குப் பாராட்டு. நல்ல கேள்வி, இந்த இழையிலேயே கடினமானதும் இதுதான்.

அந்தச் சோதனை, பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஒப்பிடுவதற்கு. இயக்கும் முறை, எல்லாருக்கும் பொதுவான அமைப்பு, ஒரே ஒரு விதமாகத்தான் சொல்ல முடியும் என்கிற விஷயம், இவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதில் நகல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மெனுவும் பட்டியலும் தேதியும் கழிந்துவிட்டால் மிச்சம் என்ன? நிறக் கலவை, ஐகான், எழுத்துகளின் சரியான தோற்றம், சொற்களின் அதே வாசகம். அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

விண்டோஸ் திரை தன் திரையின் நகல் என்று ஆப்பிள் 1988இல் மைக்ரோசாஃப்ட் மேல் போட்ட வழக்கிலும் இப்படித்தான் கழித்தார்கள். ஆப்பிள் 189 அம்சங்களைப் பட்டியல் போட்டது. 179 பழைய லைசன்ஸ் ஒப்பந்தத்திலேயே அடங்கிவிட்டன. மிச்சம் 10. அவற்றிலும் பாதுகாக்கத் தக்கது சொற்பம் என்பதால், அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டுமே மீறல் என்று 1994இல் மேல்முறையீட்டிலும் முடிவானது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். திரையின் ஒவ்வொரு பிக்சலையும் அப்படியே வைக்கிற நகலுக்கு அந்தத் தீர்ப்பு ஆறுதல் தராது. ஓசூர்க்காரன் சொன்ன மாற்றங்கள் வேலைக்கு மட்டும் இல்லை, இதற்கும் உதவும்.

நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. கொல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் ஃபேஸ்புக்கில் ஸ்கிராபுலஸ் என்று ஒரு சொல் விளையாட்டு வைத்தார்கள். ஸ்கிராபிள் பலகை மாதிரியே. மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2008இல் வந்த உத்தரவு: பலகைக்குப் பதிப்புரிமை என்ற வாதம் ஏற்கப்படவில்லை, விளையாட்டின் விதியும் பலகையின் அமைப்பும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தவை என்றது நீதிமன்றம். ஆனால் பெயருக்குத் தடை. ஸ்கிராபுலஸ் என்ற பெயர் ஸ்கிராபிளோடு குழப்பும் என்று வணிகச் சின்னச் சட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் லெக்சுலஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள்.

மண்டிக்கணக்கு அம்மாவுக்கு இந்த வழக்குதான் ரொம்பக் கிட்ட வருகிறது. அமைப்பை வைத்துக்கொள்ளலாம். தலைப்புப் பெட்டியில் 'கேட்வே ஆஃப் டாலி' என்று போடக்கூடாது. டொமைன் பெயரில் டாலி வரவே கூடாது. .இன் டொமைன் தகராறுகளுக்கு ஐஎன்டிஆர்பி என்று தனி நடுவர் முறை இருக்கிறது, கோர்ட் படி ஏறாமலேயே பெயர் கையை விட்டுப் போய்விடும்.

கணவாய், உங்கள் எக்ஸ்பி உதாரணமும் இதேதான். 98.சிஎஸ்எஸ்ஸின் எம்ஐடி லைசன்ஸ் அதை எழுதியவரின் நிரலுக்கு. மைக்ரோசாஃப்ட்டின் உரிமையை அவர் எடுத்துக் கொடுக்க முடியாது. எக்ஸ்பி மாதிரித் தளம் போடுகிறவர்கள் பச்சை மேடும் நீல வானமும் உள்ள அந்த வால்பேப்பரையும் சேர்த்துப் போடுகிறார்கள். அது 1996இல் சார்ல்ஸ் ஓ'ரியர் கலிபோர்னியாவில் எடுத்த புகைப்படம், மைக்ரோசாஃப்ட் பிறகு உரிமை வாங்கியது. பட்டனைச் சிஎஸ்எஸ்ஸில் வரைவதும் ஒரு புகைப்படத்தை அப்படியே ஏற்றுவதும் ஒன்று இல்லை.

#12 பென்னாகரம் வாத்தியார்

கல்லூரியில் கணினி சொல்லித்தருகிறேன். டாலி மாதிரித் தளத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பையன்கள் 'பயிற்சிக்காக' நெட்பேங்கிங் லாகின் பக்கத்தையும் பேமெண்ட் ஆப்பையும் குளோன் செய்து இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றுகிறார்கள், அதுதான் கவலை. இந்த ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் எல்லாருக்கும் ஒரே குளோன் புராஜெக்ட்தான் கொடுக்கிறார்கள்.

என்னிடம் படித்த ஒருவன் ஒரு வங்கியின் லாகின் பக்கத்தை லோகோவோடு அப்படியே செய்தான். பாஸ்வேர்டு பெட்டியும் வேலை செய்தது. எங்கும் எதையும் சேமிக்கவில்லை, நல்ல பையன். கொஞ்ச நாளில் குரோமில் சிவப்புத் திரை, 'மோசடித் தளம்' என்று. ஹோஸ்டிங் கணக்கும் முடக்கப்பட்டது, அதில் இருந்த அவன் மற்ற வேலைகளும் சேர்ந்து போனது. இயந்திரத்துக்கு அவன் நல்லவன் என்று எப்படித் தெரியும்? வங்கியின் முகம், வங்கி இல்லாத முகவரி, பாஸ்வேர்டு பெட்டி. பொருந்திவிட்டது.

அவனுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் யாராவது உண்மையாகவே பாஸ்வேர்டு போட்டு, பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் புகார் போயிருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, மூன்று வருடம் வரை. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அம்மா, உங்கள் தளத்தில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பயனர்பெயர், கடவுச்சொல் பெட்டி வைத்திருக்கிறீர்களா? டாலியில் அது உண்டு. இருந்தால் எடுத்துவிடுங்கள்.

#13 மண்டிக்கணக்கு

இருந்தது சார். எதைப் போட்டாலும் உள்ளே விடும், வேடிக்கைக்காக வைத்தேன். இதைப் படித்ததும் எடுத்துவிட்டேன்.

எழுத்துருவையும் கேட்டுவிடுகிறேன். தமிழுக்கு விண்டோஸில் இருந்த லதா கோப்பைச் சர்வரில் ஏற்றியிருக்கிறேன். அது விண்டோஸோடு வந்ததுதானே, காசு கொடுத்து வாங்கியதுதானே?

#14 ஓசூர்க்காரன்

விண்டோஸ் வாங்கியது உங்கள் கணினியில் பயன்படுத்த. சிஎஸ்எஸ்ஸில் 'லதா' என்று பெயர் மட்டும் எழுதினால் பரவாயில்லை, பார்க்கிறவர் கணினியில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். கோப்பையே சர்வரில் ஏற்றுவது விநியோகம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான், மூன்றும் ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸில் கிடைக்கின்றன. சின்ன அளவில் முக்தா மலர் நன்றாகப் படிக்க வருகிறது, அது என் சொந்த ருசி.

ஐபோன் மாதிரித் தளம் போடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்துருவை ஆப்பிள் இலவசமாக டவுன்லோட் செய்ய விடுகிறது, ஆனால் ஆப்பிள் தளங்களில் ஓடும் ஆப்களின் மாதிரித் திரை வரைய மட்டும். உங்கள் வலைத்தளத்துக்கு இல்லை. இண்டர் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐகானுக்கு மெட்டீரியல் ஐகான்ஸ் அப்பாச்சி லைசன்ஸ், ஃபாண்ட் ஆசம் இலவசப் பதிப்பின் ஐகான்கள் சிசி பை, அதாவது வரைந்தவர் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம். ஃபாண்ட் ஆசத்தில் கம்பெனி லோகோக்களும் இருக்கும், லைசன்ஸ் வரைந்த கோப்புக்குத்தான், சின்னத்துக்கு இல்லை.

#15 மத்தூர் மாமா

இவ்வளவு எடுத்துவிட்ட பிறகு என்னதான் மிச்சம்? அதற்கு என் பேச்சையே கேட்டிருக்கலாம்.

#16 மண்டிக்கணக்கு

நிறையவே மிச்சம் இருக்கிறது மாமா!

பெட்டியின் தலைப்பு இப்போது 'மண்டி வாசல்'. மண்டி காலையில் திறந்ததும் முதலில் நடப்பது எதுவோ அந்த வரிசையில் மெனு: வரத்து, எடை, ஏலம், சீட்டு, பட்டுவாடா. வரத்தில் நான் கற்றவை, எடையில் செய்த வேலைகள், சீட்டில் தொடர்பு விவரம். நிறம் டாலியுடையது இல்லை, செந்தூராப் பழத்தின் சிவப்பும் மஞ்சளும். எஃப் கீகளுக்குப் பதில் எண்கள், போனில் அதுவே கீழே பட்டன் வரிசையாக மாறும். எழுத்துக் குறுக்குவழியை நிறுத்த ஒரு சுவிட்ச். கீபோர்டு மட்டும் வைத்து முழுத் தளத்தையும் சுற்றிவரலாம் என்ற குணம் அப்படியே இருக்கிறது. எஸ்கேப் தட்டினால் 'கடையைச் சாத்தவா?' என்று கேட்கும்.

பழைய மண்டியில் கூட வேலை பார்த்த அக்காவிடம் காட்டினேன். பெயர் எங்கும் இல்லாமலேயே "டாலி மாதிரி இருக்குடி" என்று சிரித்தார்.

அடிக்குறிப்பில் 'இந்தத் தளத்தின் அமைப்பு டாலி இஆர்பி 9இல் வேலை பார்த்த பழக்கத்தில் பிறந்தது. அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை' என்று போட்டிருக்கிறேன். பெயரை இங்கே சொல்லலாமா சார்?

#17 ராயக்கோட்டை ரோடு

சொல்லலாம். உண்மையைச் சொல்ல ஒரு பெயரைக் குறிப்பிடுவது வேறு, பெயரையே பலகையாக மாட்டிக்கொள்வது வேறு. எழுத்து அளவு மற்ற வரிகளைப் போலவே இருக்கட்டும். ஒன்று மட்டும்: இந்த மாதிரிக் குறிப்பு குழப்பத்தைத் தவிர்க்கும், அவ்வளவுதான். ஐகானைத் திருடிவிட்டு அடியில் 'எனக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை' என்று போட்டால் அது காப்பாற்றாது. நீங்கள் எடுத்துவிட்டீர்கள், எனவே கவலை இல்லை.

#18 நல்லம்பள்ளி நிலா

அக்கா, 'கடையைச் சாத்தவா' அருமை.

சார், என் விஷயம். ஒப்பந்தத்தைப் பார்த்தேன், வாடிக்கையாளருக்கு உரிமை மாறவில்லை, பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். எடுத்தவர்களின் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் நான் தமிழில் எழுதிய கமெண்ட்கூட அப்படியே இருக்கிறது. படமும் அதே கோப்பு. அவர்களுடைய ஹோஸ்டிங் அமெரிக்காவில். நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன்: படம், சிஎஸ்எஸ், கார்டு அமைப்பு, இடைவெளி, நிற வரிசை, மெனு என ஆறு அம்சங்கள். அனுப்பலாமா?

#19 ராயக்கோட்டை ரோடு

அமெரிக்க ஹோஸ்டிங் என்றால் டிஎம்சிஏ நோட்டீஸ், அதாவது அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நகலை நீக்கச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்புவது. முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாலையும் அடித்துவிடுங்கள். தெரிந்தே பொய்யாக உரிமை கோரினால் அந்தச் சட்டத்தின் 512(எஃப்) பிரிவில் நஷ்டஈடு உங்கள் மேல் திரும்பும். இங்கே அவர்களுக்கே நேரடியாக வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் நம் சட்டத்தின் 60ஆம் பிரிவில், ஆதாரமில்லாத மிரட்டல் என்று அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போட முடியும். அந்தத் தமிழ் கமெண்ட் உள்ள வரிகளை இரண்டு கோப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியோடு, முதல் இணைப்பாகக் கொடுங்கள். பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் முழுத் தளத்தையும் சேமித்து வையுங்கள். இன்று ராத்திரியே.